மட்டாஞ்சேரியில் பணயம் சற்றே இறங்கியது

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. நல்ல வாக்கியமாக இருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சாயாக் கடையில் கிடந்த பேப்பரின் உள்பக்கத்தில் இருந்தது அது: "வீட்டு அடமானக் கடன் சென்ற மாதத்தைவிடச் சற்றே குறைந்துள்ளது, இது சந்தையின் எச்சரிக்கை உணர்வைக் காட்டுகிறது."

சந்தைக்கு உணர்வு இருக்கிறதாம். அதுவும் எச்சரிக்கை உணர்வு. சந்தை என்ன, மீன்கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பூனையா?

முந்தைய மாதத்துப் பேப்பரையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் கடன் சற்றே கூடியிருந்தது. சந்தைக்கு நம்பிக்கை வந்திருந்தது. அதற்கும் முந்தைய மாதம் எண் அசையவே இல்லை. சந்தை நிதானம் காத்தது. ஒரு மாதமாவது "ஏன் என்று தெரியவில்லை" என்று யாரும் எழுதவில்லை. நான் ஒரு கதையில் இப்படிச் செய்தால், அதாவது ஒருவன் ஏறியதற்கும் இறங்கியதற்கும் சும்மா நின்றதற்கும் கைக்கு வந்த காரணத்தை ஒட்டிவைத்தால், பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். கடன் நிலவரம் எழுதுகிறவனுக்கு மாதாமாதம் அச்சாகிறது.

அந்த எரிச்சலில் எழுத உட்கார்ந்தேன். கட்டுரைதான் வந்தது. கிழித்தேன். பிறகு, நான் அக்காவாக நினைக்கும் ஜொஹரா இத்தா ஞாபகத்துக்கு வந்தார். மூன்று வருஷம் முன்னால், 1983இல், இதே போன்ற ஒரு "சற்றே குறைந்துள்ளது" அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதைப் பற்றி அவரே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். எழுத எழுதப் படித்தும் காட்டினேன். (எங்கே உட்கார்ந்து படித்துக் காட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) அவருக்கு மலையாளம் வாசிக்க வரும், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

"கொச்சிக் காயலின் மீது கருமேகங்கள் திரண்டு வந்த அந்த ஜூன் மாதத்தில்"

வேண்டாம். அந்த ஜூனில் மேகம் வரவில்லை. மழை பிந்திய வருஷம் அது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது.

இரண்டாம் தொடக்கம்:

"ஜொஹரா பீவி ஜன்னலோரம் நின்றபடி, தான் இழக்கப்போகும் வீட்டை ஒருமுறை"

இதுவும் வேண்டாம். ஜொஹரா பீவி எந்த ஜன்னலோரமும் நின்றதில்லை. யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகளைச் சுற்றியிருக்கும் சாயாக் கடைகளுக்கு விடியற்காலையிலேயே பத்திரி என்னும் அரிசிமாவு ரொட்டி போயாக வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்கு இறங்குமுன் சாப்பிடுவது அவள் சுட்ட பத்திரியைத்தான். கூடையைத் தலையில் வைத்து நடந்தே கொண்டுபோய்க் கொடுப்பாள். சூடு ஆறுவதற்குள் போய்ச் சேருகிற தூரத்தில் வீடு இருந்தால் இந்தத் தொழில் உண்டு. இல்லையென்றால் இல்லை. கதையில் பணயமாக இருப்பது இது ஒன்றுதான், இதை மறந்துவிடாதீர்கள்.

("கதையில என்னை 'அவள்'னா எழுதிருக்கே?" என்று ஜொஹரா இத்தா இந்த இடத்தில் கேட்டார். கதையில் எல்லாரையும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். "அப்ப எங்க வீட்டுக்காரரை?" கணவரை 'அவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். "கொள்ளாம், நல்லாயிருக்கு. கடலாஸுல மரியாதை குறைஞ்சா பிளேட்டுல பத்திரியும் குறையும், பாத்துக்கோ.")

மூன்றாம் தொடக்கம் தொடக்கமே அல்ல, விளக்கம். ஆனால் இதைத் தாண்டாமல் நகர முடியாது.

மட்டாஞ்சேரியில் எளிய குடும்பங்களுக்கு வீடு பெரும்பாலும் மாத வாடகைக்குக் கிடைக்காது. பணயத்துக்குத்தான் கிடைக்கும். மதுரைப் பக்கம் இதையே ஒத்தி என்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியேறலாம். வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது. கெடு முடிந்ததும் அவர் அதே தொகையைத் திருப்பித் தருவார். நீங்கள் சாவியைத் தருவீர்கள். ஆறு வருஷம் கழித்துத் தந்தாலும் அதே தொகைதான். ஊரில் பணயம் அதற்குள் இரண்டு மடங்காகியிருந்தால் அது உங்கள் தலையெழுத்து.

யோசித்துப் பாருங்கள்: வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் வீட்டுக்காரர். கடன் கொடுத்தது குடியிருப்பவர். ஆக இந்தக் கதையில் வங்கி என்பது ஜொஹரா பீவி. சந்தையின் எச்சரிக்கை உணர்வு என்று பேப்பர்காரன் எழுதுகிறானே, அந்த உணர்வு இங்கே ஒரு பெண், மாவுக் கையைத் துடைத்துவிட்டுத் தன் கையிலிருக்கும் வளையலை விற்கலாமா வேண்டாமா என்று பார்ப்பது.

இனிக் கதை.

3

ஜூன் மாதக் கடைசி. நோன்புக் காலம். பஜார் ரோட்டில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் நீலகண்டன் பகலில் படியேறி வந்தார். ஜொஹரா பீவியும் அவள் கணவர் அமீருதீனும் ஆறு வருஷமாகக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். 1977இல் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து வந்த வீடு.

"இக்கா, ஒரு காரியம் பறையணும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயிச்சாச்சு. மாப்ளே இவிடதன்னே தங்குவான். வீடு வேணும்."

அமீருதீன் பாயை விரித்துப் போட்டார். "எப்ப வேணும் சேட்டா?"

"சிங்ஙம் பொறந்து ஒரு வாரத்துல ஒங்க பணம் ஒங்க கையில. அதுக்கு முன்னே இல்லே. கர்க்கடகம் கழியாம நான் ஒண்ணையும் அனக்க மாட்டேன். நான் மட்டுமில்லே, ஆரும் அனக்க மாட்டாங்க."

"அது ஒங்களுக்கு சேட்டா. எங்களுக்கு நோன்பு கழிஞ்சா வழி தொறந்துரும்."

நீலகண்டன் சிரித்தார். "வழி தொறந்தா போதுமோ இக்கா? வழியில ஆளு நடக்க வேண்டாமா?"

"சேட்டா, ஒரு சாயா?" என்றாள் ஜொஹரா பீவி உள்ளேயிருந்து.

"ஐயோ இத்தா, நோன்பு வீட்ல சாயா குடிச்சேன்னு அறிஞ்சா என் பெஞ்சாதி கதவைச் சாத்திருவா. அப்பறம் நானும் பணயத்துக்கு வீடு தேடணும்."

நல்ல மனிதர். அவரைக் கெட்டவராக ஆக்கினால் கதை சுலபமாக ஓடும். அப்படியும் ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்: "நீலகண்டனின் கண்களில் ஒரு குரூரம்" என்று. வெட்டினேன். குரூரம் ஒன்றும் கிடையாது. மகளுக்குக் கல்யாணம், வீடு வேண்டும். இரண்டு மாதம் முன்னாலேயே வந்து சொல்கிற வீட்டுக்காரர் எத்தனை பேருக்கு அமைகிறார்?

அவர் சொன்ன ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கர்க்கடகம் கழியாமல் ஆரும் அனக்க மாட்டார்கள், அதாவது யாரும் எதையும் அசைக்க மாட்டார்கள். அமீருதீன் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

4

அமீருதீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் எனக்கு எழுத்து முட்டுகிறது.

பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டுத் தரகு அவர் தொழில். தரகில் வருகிற வருமானத்தைவிட, தரகைப் பற்றிச் சொல்கிற கருத்தில் அவருக்குப் பிரியம் அதிகம். தமிழ் வியாபாரிகள் சங்கம் ஒன்று மாதாமாதம் கைச்சுற்று யந்திரத்தில் ஓட்டிக் கொடுத்த நாலு பக்கத் தாளில், 'வீட்டு நிலவரம்' என்ற அரைப்பக்கம் அவருடையது. கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் அந்த மாதம் எத்தனை பேருக்கு வீட்டுக் கடன் கொடுத்தார்கள் என்று ஒட்டியிருப்பதைப் பார்ப்பார். தன் காதில் விழுந்த பணயத் தொகைகளைச் சேர்த்துக்கொள்வார். பிறகு விளக்குவார்.

ஏப்ரல் மாதத் தாளில்: "வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தோர் அதிகம். எனவே பணயம் சற்றே ஏறியது."

மே மாதத் தாளில்: "வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தோர் அதிகம். அவர்கள் சொந்த வீடு கட்டப் போய்விட்டதால் பணயம் சற்றே இறங்கியது."

இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார். இரண்டையும் ஒரே மனிதர்கள் படித்துத் தலையாட்டினார்கள்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. 1980இல் தாளில் எழுதத் தொடங்கிய முதல் வருஷமே ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: நோன்பு மாதத்தில் வீட்டுக் கடனும் பணயமும் விழும், பெருநாள் கழிந்ததும் எழும். அந்த வருஷம் அச்சுப் பிசகாமல் அப்படித்தான் நடந்தது. அடுத்த வருஷமும் ஏறக்குறைய நடந்தது. "அமீருதீன் பாயோட கணக்கு" என்று சாயாக் கடையில் பெயரே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். 1980இல் நோன்பும் கர்க்கடகமும் ஒன்றாகவே வந்தன. ஒன்று தொடங்கி இரண்டாம் நாள் மற்றது, ஒன்று முடிந்து சில நாளில் மற்றதும் முடிந்தது. கர்க்கடகம் என்பது நம் ஆடி, அடுத்து வரும் சிங்ஙம் ஆவணி. மலையாளிகளும் சரி, தமிழர்களும் சரி, அந்த மாதத்தில் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள், அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள். கட்டாதவனுக்குக் கடன் எதற்கு? கட்டாதவன் தன் பழைய வீட்டைப் பணயத்துக்கு விட்டுப் பணம் திரட்டுவது எதற்கு? ஆக எல்லாம் படுத்துவிடும். படுத்ததைப் பார்த்த அமீருதீன், நோன்பினால் என்றார். ஆனால் நோன்பு வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். கர்க்கடகம் நகராது. 1983இல் பெருநாள் கழிந்த பிறகுதான் கர்க்கடகமே பிறந்தது.

ஆடி என்றதுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். அதனால்தான் முட்டுகிறது. கேரளத்தில் பிறந்து வளர்ந்த ஒரு வீட்டுத் தரகருக்குக் கர்க்கடகம் தெரியாதா? இப்படி ஒரு பாத்திரத்தை யார் நம்புவார்கள்?

இரண்டு முறை இந்தக் கதையைக் கைவிட்டதற்கு இதுவே காரணம். (பாருங்கள், நானும் காரணம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.) பிறகு அவர் வீட்டுச் சுவரை யோசித்தேன். இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று மிளகுக் கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் காலண்டர், மற்றது பிறை பார்க்கிற காலண்டர். மலையாள மாதம் முதல் காலண்டரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அவருக்குக் கர்க்கடகம் தெரியும். அது அடுத்தவர்கள் மாதம் என்றும் தெரியும். அவர் பணயம் பேசி முடித்ததெல்லாம் பெரும்பாலும் தன்னைப் போன்ற முஸ்லிம்களுக்கு, நம்மாட்கள் கர்க்கடகம் பார்ப்பதில்லை, ஆகவே அது கணக்கில் வராது. குடியேறுகிறவர் யார் என்று பார்த்தார். வீட்டை விடுகிறவர் யார் என்று பார்க்கவில்லை.

இது முட்டாள்தனம் இல்லை. தனக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரு விளக்கத்தை யார் கைவிடுவார்? நீங்கள் கைவிடுவீர்களா?

("அவ்வளவு நீட்டாதே தம்பி," என்றார் ஜொஹரா இத்தா. "பிடிவாதம் பிடிச்ச மனுஷன். அத எழுது, தீர்ந்துது.")

5

வீட்டை ஜொஹரா பீவியே தேடிப் பிடித்தாள். தரகரின் மனைவி தானே வீடு தேடியதை வேடிக்கையாக எழுதலாமா என்று பார்த்தேன். வேடிக்கை இல்லை. கூடையோடு சந்து சந்தாக நடக்கிறவளுக்குத் தெரியாத கதவு கிடையாது.

இரண்டு சந்து தள்ளி ஜெயலக்ஷ்மியின் வீடு. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓட்டு வீடு, தண்ணீர் வற்றாத கிணறு, பத்திரிக் கல் இரண்டு போடுகிற மாதிரி அகலமான சமையல்கட்டு.

"காக்கநாட்டுல அஞ்சு சென்ட் வாங்கிப் போட்டிருக்கேன் ஜொஹரா. வீடு கட்டப் போறேன். கடன் பாதிதான் தர்றான். மீதிக்கு இதைப் பணயத்துக்கு விடலாம்னு இருக்கேன்."

"காக்கநாட்டுலயா? அங்க நரிதானே இருக்குது அக்கா?"

"நரி பணயம் ஏத்தாதுல்ல?"

ஜொஹரா பீவி சிரித்துக்கொண்டே சமையல்கட்டை ஒருமுறை நடந்து பார்த்தாள். புகை போக வழி இருந்தது. அரிசி இடிக்க இடம் இருந்தது. இங்கிருந்து கிளம்பினால் கடைசிக் கடைவரை பத்திரியில் ஆவி இருக்கும்.

"எவ்வளவு அக்கா?"

"ஒம்பதாயிரம். ஒனக்காகச் சொல்றேன். ஆடில நான் அஸ்திவாரம் போடமாட்டேன், ஆவணிலதான். அதுவரைக்கும் காத்திருக்கேன். ஆனா ஆயிரம் ரூபா அட்வான்ஸ் குடுத்துரு. இல்லேன்னா வேற யாரும் கேட்டா இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் இருக்காது, பாத்துக்கோ."

ஒன்பதாயிரம். நீலகண்டன் திருப்பித் தருவது ஆறு. குறி என்னும் சீட்டுப் பிடித்துச் சேர்த்ததில் கையில் இரண்டு. மீதி ஒன்றுக்கு வளையல். கணக்கு முட்டாமல் மோதாமல் நின்றது. கதையில் இப்படி நின்றால் நம்ப மாட்டார்கள் என்று கொஞ்சம் கலைத்துப் பார்த்தேன். ஜொஹரா இத்தா விடவில்லை. "ஒம்பதுதான். என் ஒம்பதை நீ மாத்தாதே."

அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "என்னங்க, வீடு கெடச்சாச்சு. நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துரலாம்."

அமீருதீன் தலையை ஆட்டினார். "நோன்புல எதுக்கு வெரசல்? பெருநாள் கழியட்டும். கழிஞ்சதும் நெலவரம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் செய்யலாம்."

"கழிஞ்சா ஏறும்னுதானே நீங்க எழுதுவீங்க? ஏறுமுன்னே குடுத்துட்டா?"

நல்ல கேள்வி. நோன்பு திறக்கிற நேரமாகிவிட்டது என்றார். ஆகியிருக்கவில்லை.

6

பெருநாள் கழிந்தது. சில நாளில் கர்க்கடகம் பிறந்தது. பிந்திய மழையும் அதோடு சேர்ந்துகொண்டது. கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் வீட்டுக் கடன் பாதியாகியிருந்தது. காதில் விழுந்த பணயத் தொகைகளும் இறங்கியிருந்தன. (அந்த மாதத்தில் பணயம் பேசுகிறவர் யார்? ஆஸ்பத்திரிச் செலவு, கேஸ், கடன்காரன் என்று வேறு வழியில்லாதவர். கேட்டதைக் கொடு என்பார். அந்தத் தொகையை எடுத்து ஊர் நிலவரம் என்று எழுதினால் அது நிலவரமா?)

அமீருதீன் ஈரக் குடையை மடக்கக்கூட நிற்காமல் படியேறினார். முகம் மலர்ந்திருந்தது.

"ஜொஹரா! பெருநாள் கழிஞ்சா ஏறணும். ஏறலை. எறங்குது! என்னா அர்த்தம்னு வெளங்குதா?"

"வெளங்கலை."

"நோன்பையும் தாண்டின ஒரு எறக்கம். சந்தை ஒடைஞ்சு போச்சு. இன்னும் ஒரு மாசம் பொறுத்தா ஜெயலக்ஷ்மி தானா வந்து எட்டுன்னு சொல்லும்."

"அந்த அக்கா எட்டுன்னு சொல்லலை, ஒம்பதுன்னுதான் சொல்லிச்சு. எனக்குக் காது கேக்கும்."

"அது ஜூன் மாசத்துச் சொல்லு."

"ஒரு பொம்பளை சொன்ன சொல்லுக்கும் மாசம் உண்டா?"

"எல்லாத்துக்கும் மாசம் உண்டு ஜொஹரா."

இந்த வரியை நான் புனையவில்லை. அவரே சொன்னது. எல்லாவற்றுக்கும் மாதம் உண்டு என்று சொல்லிக்கொண்டு, அந்த மாதத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எழுதுற கடலாஸுலதான் நான் நெய்ப்பத்திரி பொதியுறேன்," என்றாள் ஜொஹரா பீவி. "நெய்யை நல்லாக் குடிக்குது. வேற ஒண்ணுக்கும் ஒதவுனதா நான் காணலை."

"சிரி, சிரி. எட்டுக்கு முடிஞ்சா வளையல் ஒன் கையிலயே இருக்கும். அப்பவும் சிரிப்பியான்னு பாக்கறேன்."

அங்கேதான் அவள் நின்றாள். மாவுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு வளையலைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன்: "தன் தாய் அணிவித்த அந்த வளையல்களில் அவள் கண்டது வெறும் பொன்னை அல்ல," என்று போகும். பொன்னைத்தான் கண்டாள். வெட்டியாயிற்று. ஆறு வருஷம் பத்திரி சுட்டு அவளே வாங்கிய வளையல். அதை விற்காமல் இருக்க ஒரு வழி சொன்னால் யாருக்கும் காது கொடுக்கத்தான் தோன்றும். அவள் நம்பியது அவர் நிலவரத்தை அல்ல, தன் வளையலை.

("பொய்," என்றார் ஜொஹரா இத்தா. "நான் நம்பலை." அப்படியானால் ஏன் மறுநாளே அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "நீ எழுதுனபடியே இருக்கட்டும்," என்றார்.)

கொடுக்கவில்லை. அந்த மாதத் தாளில் அமீருதீன் எழுதினார்: "மட்டாஞ்சேரியில் பணயம் சற்றே இறங்கியது. பெருநாள் கழிந்தும் இறங்குவதால் இது நிலையான இறக்கம். வீடு தேடுவோர் பொறுத்திருக்கவும்."

அவர் சொன்னதை யாராவது அப்படியே செய்தார்களா தெரியாது. அவர் மனைவி செய்தாள்.

7

சிங்ஙம் பிறந்தது. அன்றைக்கே ஊர் அசைந்தது. சந்து முழுக்கக் கட்டிலும் அலமாரியும் ஏற்றிய கைவண்டிகள். கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் வரிசை. மணல் வண்டிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஜொஹரா பீவியின் கூடை ஒருநாள் சுவரில் இடித்து, பாதிப் பத்திரி சேற்றில் போயிற்று.

நீலகண்டன் சொன்ன வாரத்திலேயே வந்தார். ஆறாயிரத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். "எண்ணிக்கோங்க இக்கா. மாசம் முடியறதுக்குள்ள சாவி தந்தா மதி. வெரசலில்லே." பிறகு ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கே பாத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

அமீருதீன் ஜொஹரா பீவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அன்று கூடையை இறக்கும்போது சாயாக் கடையில் ஒரு பேச்சு அவள் காதில் விழுந்தது. காயல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கும் சுப்புராஜ், கோவில்பட்டிக்காரர், தன் வேலைக்காரர்களைத் தங்கவைக்க வீடு தேடுகிறார். ஜெயலக்ஷ்மியின் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். பதினொன்று தருகிறேன் என்றாராம். ஜெயலக்ஷ்மி என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அமீருதீன் அடுத்த மாதத் தாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணா?" என்றார். பேனா நின்றது. ஜன்னல் வழியே ஒரு கைவண்டி போவதைப் பார்த்தார். அதில் ஒரு தொட்டில் கவிழ்ந்து கிடந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

இங்கே அவருக்கு எல்லாம் விளங்கியது என்று எழுதலாம். நீங்களும் எதிர்பார்க்கிறீர்கள். எழுதினேன். "ஜொஹரா, நான் தவறு செய்துவிட்டேன்," என்று அவர் சொல்கிற மாதிரி. படித்துக் காட்டியபோது ஜொஹரா இத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இது யாரு? எங்க வீட்டுக்காரரா? இந்த மனுஷனை எனக்கு அறியவே அறியாதே!"

அவர் உண்மையில் எழுதி அச்சானது இது: "சிங்ஙத்தில் பணயம் சற்றே ஏறியது. காரணம், சென்ற மாதம் சற்றே இறங்கியிருந்தது."

இதைவிடச் சரியான நிலவரக் கட்டுரையை நான் படித்ததில்லை. முதல்முறையாக ஒரு மலையாள மாதத்தின் பெயரை அவர் எழுதியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். அவரிடமிருந்து கிடைக்கக்கூடியது அவ்வளவுதான்.

ஜொஹரா பீவி ஆறாயிரத்தைத் துணியில் முடிந்தாள். குறிப் பணம் இரண்டையும் சேர்த்தாள். வளையல்களைக் கழற்றி, விற்க நேரமில்லாததால் அப்படியே அதே முடிச்சில் போட்டாள். "நானும் வரட்டா?" என்றார் அமீருதீன். "நீங்க வந்தா நிலவரம் பேசுவீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மழைத்தூறல். இரண்டு சந்து. கதவைத் தட்டினாள்.

ஜெயலக்ஷ்மி கதவைத் திறந்தார்.

8

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

ஒன்று. ஜெயலக்ஷ்மி, "ஒனக்குச் சொன்னா சொன்னதுதான், ஒம்பது," என்கிறார். படிக்க நன்றாக இருக்கிறது, சோப்பு விளம்பரம் போல. காக்கநாட்டில் அஸ்திவாரம் போடக் காத்திருக்கும் ஒரு மனுஷி இரண்டாயிரத்தை ஏன் விட வேண்டும்? விட்டிருக்கலாம். விடக் கூடாது என்று சட்டமா?

இரண்டு. "பதினொண்ணு ஜொஹரா, நான் அப்பவே சொன்னேன்ல?" என்கிறார். ஜொஹரா பீவி இடக்கொச்சிக்குப் போகிறாள். அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது பத்திரி ஆறிப்போயிருக்கிறது. ஒவ்வொரு கடையாக விட்டுப்போகிறது. இதைக் கேட்டுவிட்டு ஜொஹரா இத்தா சொன்னார்: "அழவைக்கத்தானே இவ்வளவு பாடுபட்டே? போ, போய் வேற வேலை பாரு."

மூன்று. பத்து. ரெண்டுக்கும் நடுவில். நியாயமாகத் தெரிகிறது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணை நடுவில் வைத்துவிட்டால் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பது நிலவரம் எழுதுகிறவர்களின் தந்திரம்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஜொஹரா இத்தா இப்போது எங்கே குடியிருக்கிறார் என்றும் தெரியும். அங்கே உட்கார்ந்துதான் இதைப் படித்துக் காட்டினேன். எங்கே என்று பிறகு சொல்வதாகச் சொன்னேன். சொல்லப்போவதில்லை. சொன்னால் என்ன செய்வீர்கள் என்று தெரியும். வீடு கிடைத்தது என்றால், துணிந்து தானே போனாள், அதனால் கிடைத்தது என்பீர்கள். கிடைக்கவில்லை என்றால், புருஷன் பேச்சைக் கேட்டாள், அதனால் போயிற்று என்பீர்கள். அதே பெண், அதே முடிச்சு, அதே தூறல். அந்தப் பேப்பர்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஜொஹரா இத்தாவிடம் கேட்டேன், எப்படி முடிக்கட்டும் என்று.

"கதவு தொறந்தாச்சுல்ல? அங்கயே நிறுத்து. அப்பறம் உள்ளது எனக்கும் ஜெயா அக்காவுக்கும் எடையில உள்ள காரியம்."

சரி. கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஜொஹரா பீவி நிற்கிறாள், முடிச்சைப் பிடித்த கையில் வளையல் இருந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. அவளுக்குப் பின்னால் சந்து. இரண்டாவது திருப்பத்தில் கிடங்குகளும் சாயாக் கடைகளும். ஜெயலக்ஷ்மி முடிச்சைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், வாயைத் திறக்கிறார்.

தொகையை நீங்கள் சொல்லுங்கள். ஒன்பதோ பதினொன்றோ, உங்கள் மனசுக்குத் தோன்றியதை. ஏன் அந்தத் தொகை என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்வதானால் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் இன்னும் நாளைக்கு அரிசி நனைக்கவில்லை. எந்தச் சமையல்கட்டில் நனைப்பது என்று தெரிய வேண்டியிருக்கிறது.